பிடுங்குவதற்கு ஒரு ஒயர்

ஆவணி இருபத்தோராம் தேதி, புதன்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிஷம். தூறல், காற்று அறவே இல்லை. நனைந்த சம்பங்கியும், காஸ் லைட்டின் மண்ணெண்ணெயும், சூடு ஆறாத சால்டர் ஈயமும் கலந்த ஒரு வாசனை, இன்றைக்கும் ஏதாவதொரு ரிப்பேர் கடையைக் கடக்கும்போது பாதியாக வந்து என் மூக்கில் நிற்கிறது. மீதிப் பாதியை நானே சேர்த்துக்கொள்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. மெட்ராஸில், லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில், கூரை திறந்த ஒரு வெளிநாட்டுக் காரின் முன் சீட்டில், மடியில் ஒரு டேப் ரிக்கார்டரை அணைத்துக்கொண்டு, அசைந்தால் ஏதாவது அறுந்துவிடும் என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் என் அக்கா வசந்தாவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய மாலையில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் ஏற்றி, நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவது எங்கள் வீடுகளில் வழக்கம், "ஜானவாசம்" என்பார்கள். மாப்பிள்ளையோடு காரில் ஏறிக்கொள்கிற உரிமை பெண் வீட்டுக் குழந்தைகளுக்கு உண்டு. இருபுறமும் காஸ் லைட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் நடப்பார்கள். எங்களுக்கு எட்டு லைட் பேசியிருந்தது. புறப்படுவதற்கு முன்பே நான் எண்ணிவிட்டேன். அந்த வயதிலேயே எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

ஆனால் மேளம் இல்லை. முகூர்த்த நாள் நெருக்கடியில் நாதஸ்வரக் கோஷ்டிக்கு வேறோர் இடத்தில் கச்சேரி அமைந்துவிட, காலையில் தாலி கட்டும் நேரத்துக்குத்தான் வர முடியும் என்று இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது எழுந்து நின்றவர் சேது சித்தப்பா.

அப்பாவின் தம்பியான இவர் ஓர் ஆபீசில் குமாஸ்தா. தபால் மூலம் ரேடியோ ரிப்பேர் படித்தவர். அவர் கை வைக்காத சாமான் எங்கள் வீட்டில் கிடையாது. கை வைத்த பிறகு முன்போல இருந்த சாமானும் கிடையாது. கப்பலில் வேலை பார்த்த ஒரு சிநேகிதர் சிங்கப்பூரிலிருந்து அவருக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்திருந்தார். தோல் உறை, கைப்பிடி, முன்பக்கத்தில் ஐந்து கட்டைகள். பங்குனி உற்சவத்தில் அவரே பதிவு செய்த நாதஸ்வரம் அதில் இருந்தது.

"இதுக்குப் போய் ஏன் அண்ணா அலட்டிக்கறேள்? நம்ப டேப்ப அந்தக் கார் ரேடியோவோட சேத்துட்டா லஸ்ஸுலேந்து மந்தைவெளி வரைக்கும் கேக்கும். மழைல நனையாது, நடுவுல காப்பி கேக்காது" என்றார்.

டேப்பின் சொந்த ஒலிபெருக்கி உள்ளங்கை அகலம்தான். தெருவில் அது கொசு பாடுவதுபோல் இருக்கும். காரில் இருந்ததோ, அந்தக் காரோடு கப்பலில் வந்த ரேடியோ. கதவுகளுக்குள்ளும் பின் சீட்டுக்குப் பின்னாலுமாக அதற்குப் பெரிய ஒலிபெருக்கிகள் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து எதையும் செருகிக்கொள்ள அதில் ஒரு துளைகூட இல்லை. எனவே சித்தப்பா அதைக் கழற்றினார். வால்யூம் குமிழின் கால்களில் இரண்டு ஒயரை சால்டர் வைத்து ஒட்டி, அவற்றைக் கீழே தொங்கவிட்டு, மறுமுனையை டேப்பில் காதுக்கருவி மாட்டும் துளையில் செருகினார். பாட்டு டேப்புடையது, தொண்டை ரேடியோவினுடையது. ஒரே ஒரு சிக்கல், ரேடியோவின் சொந்த நிலையம் நடுவில் வந்து கலக்கக்கூடாது. அதற்காக முள்ளை எந்த நிலையமும் இல்லாத கோடிக்குத் தள்ளி, வெளியே நின்ற ஏரியல் கம்பியை அதன் குழிக்குள் அழுத்தி, யாரும் திருப்பிவிடாதபடி நிலையம் மாற்றும் குமிழின்மேல் ஒரு பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டார். அந்த ரேடியோவுக்கு அதன் பிறகு வாய் மட்டும்தான் இருந்தது, காது இல்லை.

கார் டிரைவர் கன்னியப்பனுக்கு இது பிடிக்கவேயில்லை. வண்டி அவருடையதல்ல, ஆழ்வார்ப்பேட்டையில் இருந்த முதலாளியுடையது.

"ஐயரே, இது வண்டியோட வந்த ரேடியோ. வெள்ளக்காரன் மாட்னது. நாளிக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா ஓனரு என் தலையத்தான் உருட்டுவாரு."

"ரெண்டே ரெண்டு ஒயர்ப்பா. நாளன்னிக்கு கழட்டிண்டு போயிடறேன்."

"டாக்டரு கூட இப்டிதான் சொல்லுவாரு" என்றார் கன்னியப்பன்.

அம்மா வந்து, பிளந்து கிடந்த அந்த முன்பலகையையும் அதிலிருந்து தொங்கிய ஒயர்களையும் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு வர வண்டிடா சேது. வயத்தக் கிழிச்சு வெச்சிருக்கயே" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் ஜானவாசம் முடியும்வரை அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஒயர் நீளம் போதாமல் டேப்பை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், முன் சீட்டின் நடு இடம் எனக்குக் கிடைத்தது. வலப்பக்கம் கன்னியப்பன், இடப்பக்கம் சித்தப்பா. பின் சீட்டில் மாப்பிள்ளை ராமநாதன். அவருக்கு இரண்டு பக்கமும் சித்தப்பாவின் சின்னப் பெண்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கும்பகோணம், வேலை திருச்சியில் ஒரு பாங்கில். பெண் பார்க்க வந்தபோது காப்பி சூடாக இருக்கிறது என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. கடிதத்தில் எழுதிய அளவை வைத்துத் தைத்த கோட்டு அக்குளில் பிடித்தது. கழுத்தில் ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய கனமான மாலை. தூறல் காரணமாகப் பெண்களும் பெரியவர்களும் ரிக்ஷாக்களில் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் பத்துப் பன்னிரண்டு பேரும் மட்டும் குடையோடு பின்னால் நடந்தார்கள். காலையிலிருந்து எல்லோரும் மண்டபத்து வேலையிலேயே கிடந்ததால், வீட்டு ரேடியோவைக் கேட்க யாரும் வீட்டில் இல்லை.

சித்தப்பா கட்டையை அழுத்தினார். நாதஸ்வரம் நான்கு பக்கமிருந்தும் கிளம்பியது. என் மடியிலிருந்த பெட்டியும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது. உண்மையாகவே பிரமாதமாக இருந்தது. கன்னியப்பன்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கோயில் குளத்தை ஒட்டித் தெற்கே திரும்பியபோது முதல் காஸ் லைட் காணாமல் போயிற்று. எண்ணினேன்: ஏழு. யாரோ டீ குடிக்க ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் ஐந்து. லைட் சுமந்த ஓர் ஆள் சித்தப்பாவின் பக்கம் வந்து, காரோடு நடந்தபடியே ஏதோ சொன்னார். அவர் வாய் அசைவது தெரிந்தது. தவில் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விழவில்லை. மேல்கூலி கேட்கிறார் என்று எண்ணிக்கொண்ட சித்தப்பா, மண்டபத்துக்கு வா என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அந்த ஆள் ஒரு கணம் எங்களையே பார்த்தார். பிறகு தலையிலிருந்ததை இறக்கி அணைத்துவிட்டு, ஒரு சந்துக்குள் போனார்.

கடைகளில் பலகை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்நாளில் கடை மூடுவதென்றால் நீளப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகி நிறுத்துவது. நிதானமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு அதை ஓடி ஓடிச் செய்தார்கள். பலகை விழுகிற சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு பாத்திரக்கடைக்காரர் கையில் கடைசிப் பலகையோடு நின்று எங்கள் காரைப் பார்த்தார். கல்யாணக் காரைப் பார்க்கிற முகமாக அது இல்லை. எதிரில் ஒரு பஸ்கூட வரவில்லை என்பதையும் நான் அப்போதுதான் கவனித்தேன்.

பின்னாலிருந்து மாப்பிள்ளை முன்னால் குனிந்து, சித்தப்பாவின் காதுக்குப் பக்கத்தில் உரக்கக் கேட்டார். "மாமா, இங்கல்லாம் கடைய இவ்வளவு சீக்கிரமாவா மூடுவா?"

"மழைன்னா மூடிடுவான் மாப்பிள்ளை. மெட்ராஸ்காரன் சுகவாசி."

"ரேடியோல ஏதாவது சொன்னாளா?"

"ரேடியோதான் இன்னிக்கு நம்ப மேளமாச்சே" என்று சித்தப்பா சிரித்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சாய்ந்தும் உட்காரவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவர் மாலையின் ஈரம் என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

மூன்று லைட். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நடந்து வந்தவர்களில் அப்பா ஒருவர்தான் தெரிந்தார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி ஓடி வந்தார். என் அப்பா ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "சித்தப்பா, அப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மந்தைவெளித் திருப்பத்தில் சாலையின் நடுவே ஒரு டயர் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் இருபது முப்பது பேர், கையில் கழியும் கல்லுமாக நின்றார்கள். எங்கள் காரின் ஜிகினாவில் அந்த நெருப்பு தெரிந்தது. முதல் கல் முன் விளக்கை உடைத்தது. கன்னியப்பன் பிரேக்கை மிதித்தார்.

விஷயம் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ரேடியோவில் வந்திருக்கிறது. ஒரு பெரிய தலைவர் இறந்துபோயிருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தெருக்களில் அவர் படம் இல்லாத வீடு குறைவு. ஊர் முழுவதும் தெரிந்துபோன அந்தச் செய்தி எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. சொல்ல வேண்டிய ரேடியோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

"இன்னா ஐயரே, ஊரே சாவு வூடா கீது. நீ மேளம் வுட்டுக்கினு வர்ற?"

"மாப்ளய கீய எறக்குடா."

"நிறுத்துயா அத்த மொதல்ல."

சித்தப்பா வால்யூம் குமிழைத் திருகினார். பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருகிவிட்டார். தவில் இன்னும் ஒரு மடங்கு எழுந்தது. கூட்டம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டது. யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கை கதவைப் பிடித்தது. பின் சீட்டில் சின்னப் பெண்கள் அழுவது அவர்கள் முகத்தில் தெரிந்தது. எதிரே நின்றவர் கையில் இருந்த கல் முன்னதைவிடப் பெரியது. அதை அவர் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்.

அப்போது என் தோளுக்கு மேலாகப் புதுக்கோட்டு வாசனையோடு ஒரு கை வந்து, என் மடியிலிருந்த ஒயரைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கியது.

நாதஸ்வரம் நின்றது. நாலு ஒலிபெருக்கியிலும் வெறும் இரைச்சல். அந்தக் கை அதோடு திரும்பவில்லை. பிளாஸ்திரியை நகத்தால் உரித்து, குமிழை மெதுவாகத் திருப்பியது. "டிரைவர், ஏரியல்" என்றார் மாப்பிள்ளை. கன்னியப்பன் கதவைத் திறந்து இறங்கி, கல்லும் கழியும் ஒரு கை தூரத்தில் நிற்க, குழிக்குள் அழுந்திக் கிடந்த கம்பியை இரண்டு விரலால் பிடித்து உயரமாக இழுத்துவிட்டார்.

வீணை வந்தது. பெரியவர்கள் இறந்தால் அந்நாளில் ரேடியோவில் நாள் முழுக்க ஒலிக்கிற, யாருக்கும் பெயர் தெரியாத அந்தத் துக்க வீணை. கொஞ்ச நேரத்தில் அது நின்று, செய்தி வாசிப்பவரின் குரல், இறந்தவரின் பெயரைச் சொல்லி, தழுதழுக்காமல் படித்தது.

"இரு, இரு. சொல்றான் பாரு" என்று யாரோ பக்கத்திலிருந்தவரை அடக்கினார்கள். அவர்களில் பலருக்கும் அது வாய்வழியாக வந்த சேதிதான் என்பது அப்போதுதான் விளங்கியது. பாதி நம்பியும் பாதி நம்பாமலும் தெருவில் நின்றவர்கள், முதல்முறையாக அதை எங்கள் காரிலிருந்துதான் முழுசாகக் கேட்டார்கள். "நெசமாவே பூட்டாரா" என்றார் கல்லைத் தூக்கியிருந்தவர். கல்லைக் காரின் மூக்கின்மேல் வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சவுண்டு வெய்யி ஐயரே" என்றார் இன்னொருவர். சித்தப்பா இந்தத் தடவை சரியான பக்கம் திருகினார். தூறலில், ஜிகினாவும் பூச்சரமும் தொங்குகிற கல்யாணக் காரைச் சுற்றி அத்தனை பேரும் தலைகுனிந்து நின்று கேட்டார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அப்பாவும் அவர்களோடு நின்றார்.

தெருமுனையில் ஒரு ஸ்டூல்மேல் தலைவரின் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். படத்துக்கு மாலை இல்லை. பூக்கடைகள் எப்போதோ மூடிவிட்டன. செய்தி முடிந்ததும், கல்லை வைத்தவரின் பார்வை மாப்பிள்ளையின் கழுத்தில் போய் நின்றது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் மாலையைத் தலைக்கு மேல் எடுத்தார்.

"வோணாம் சார்" என்றார் கன்னியப்பன். "மாப்ள மால சார் அது."

மாப்பிள்ளை அதை நீட்டினார். "எடுத்துண்டு போங்கோ."

மாலையை வாங்கிக்கொண்டவர் அதைப் படத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காருக்கு முன்னால் நடக்கச் சொன்னார். "கல்யாண வண்டிப்பா, வுடு" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் எங்களை மண்டபத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். ரேடியோவை அணைக்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. ஆக, என் அக்காவின் மாப்பிள்ளை ஒரு விளக்கு உடைந்த காரில், மாலை இல்லாமல், துக்க வீணையோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அவருடைய அம்மா, எங்களுக்கு மாமி, வீணையைக் கேட்டார். பிறகு மகனின் கழுத்தைப் பார்த்தார்.

"மாலை எங்கேடா?"

மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம். அறுந்து விழுந்துவிட்டது என்றால் போதும். நடந்ததை நடந்தபடி சொன்னார். மாமி தட்டைத் தரையில் வைத்துவிட்டார். "செத்தவாளுக்குப் போட்டுட்டு வந்தியா? நாளைக்குத் தாலி கட்டப்போறவன், கழுத்துல இருந்ததக் கழட்டிச் செத்தவாளுக்குப் போட்டுட்டு வந்தியா?"

பக்கத்தில் நின்ற அவருடைய தம்பி, அதாவது மாப்பிள்ளையின் மாமா, "சரியில்லக்கா. ஊருக்குப் போயிடலாம். வேற நாள் பாத்துக்கலாம்" என்றார். வேறு நாள் என்றால் என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா நனைந்த வேட்டியோடு கைகூப்பி நின்றார். மாடி ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலையில் பாதிப் பின்னலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல்.

"மாலை போனாப் போறதும்மா" என்றார் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை வந்துட்டேனோல்லியோ."

மாப்பிள்ளை காரின் பக்கம் கையைக் காட்டினார்.

"வண்டில மூணு கொழந்தைகள் இருந்துதும்மா."

மாமி என்னைப் பார்த்தார். நான் இன்னும் காரிலேயே டேப்பை மடியில் அணைத்துக்கொண்டு, பிடுங்கிய ஒயரின் நுனியைக் கையில் வைத்திருந்தேன். பிறகு குனிந்து தட்டை எடுத்தார். கற்பூரம் அணைந்திருந்தது. வேறு கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் நாதஸ்வரக்காரர்கள் வரவில்லை. வந்திருந்தாலும் வாசிக்க முடியாது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, சாஸ்திரிகள் "கெட்டிமேளம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னபோது, சித்தப்பா ஒரு துண்டால் மூடிய டேப்பின் கட்டையை அழுத்தினார். உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில் கொசு பாடியது. அந்தக் கொசுச் சத்தத்தில் தாலி ஏறியது.

அதோடு முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு முதல் குழந்தை தங்காதபோது மாமி வேறெதுவும் சொல்லாமல், "அந்த மாலை" என்றார். அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, வேலையில் ஒரு சங்கடம் வந்தபோதும் அதே இரண்டு வார்த்தைதான். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஐம்பத்தைந்து ஆவணிகளில் ஒன்றில்கூட அத்திம்பேரின் உடம்பை விசாரிக்காமல் இருந்ததில்லை. முதலில் கடிதம், பிறகு டிரங்கால், பிறகு செல்போன். "நன்னா இருக்கேண்டா, தேதியக் கிழிச்சுட்டு வேலையப் பாரு" என்று அவர் சிரிப்பார். அக்கா மட்டும் அந்தச் சாயங்காலத்தை அபசகுனமாக ஒரு நாளும் பேசியதில்லை. கல்யாண நாள்தோறும் அவரை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாள். ஒயரைப் பிடுங்குகிற இடம் வந்ததும், அவரை நிறுத்திவிட்டு அவளே கையை நீட்டிப் பிடுங்கிக் காட்டுவாள்.

போன வருஷமும் ஆவணியை எண்ணித் தீர்த்தேன். அது முடிந்ததும் கொஞ்சம் அசந்துவிட்டேன். புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள், அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில், அத்திம்பேர் போய்விட்டார்.

அன்றும் தூறல். உடலை ஏற்றும் வண்டி வரக் காத்திருந்தோம். என் மகன், அத்தைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று காரைக் கிளப்பி ஏ.சி.யைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்திட வெளியே இறங்கினான். முன் சீட்டில் நான், பின் சீட்டில் அக்கா. அவன் சட்டைப்பையில் இருந்த போன், யாரும் சொல்லாமலே, தானாகப் போய்க் காரோடு சேர்ந்துகொண்டது. அடுத்த நொடி நாலு பக்கமும் ஒரு குத்துப்பாட்டு வெடித்தது.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அங்கே எங்களைப் போலவே அழுதுகொண்டிருந்த வேறொரு குடும்பமும் இருந்தது. நான் அந்தக் கண்ணாடித் திரையைத் தட்டினேன். அது ஏதோ கேள்வி கேட்டது. எதையோ அழுத்தினேன், சத்தம் கூடியது. சித்தப்பாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. முன்பலகையைத் தடவினேன், சீட்டுக்கடியில் தடவினேன். பிடிக்க ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது.

அக்கா அத்திம்பேரின் மூக்குக்கண்ணாடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் தோளுக்கு மேலாக அவள் கை நீண்டு, காற்றில் எதையோ தேடி, நின்றது.

"பிடுங்கறதுக்கு இதுல ஒரு ஒயர் இல்லையாடா?" என்றாள்.

ஜானவாசக் கார்கள் இப்போது இல்லை. காஸ் லைட் இல்லை, பலகைக் கடை இல்லை. கார் ரேடியோ இருக்கிறது. திருப்புவதற்குக் குமிழ் இல்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மகனின் காரை எடுத்துக்கொண்டு, கார் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். தானாகச் சேர்ந்துகொள்வதை அடியோடு நிறுத்திவிட்டு, செருகினால் மட்டும் பாடும்படி ஓர் ஒயர் போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் ஒயர் வோணாம்னு வராங்கோ சார். நீங்க இன்னா, ஒயர் வேணும்னு வந்துக்கீறீங்க" என்றார். பதில் சொல்ல அங்கே நேரம் போதாது. வேலை முடிந்ததும் ஒரு தடவை செருகி, ஒரு தடவை பிடுங்கிப் பார்த்தேன், உடனே நின்றது. ஒயர் முந்நூற்று எண்பது, கூலி இருநூறு. ஐநூற்று எண்பது ரூபாய்.